தாக்கல் தேதியும் நான்காவது படமும்

அந்த ஆடைப் பட்டறையில் எல்லோருக்கும் வேலைதான் பெயர். இஸ்திரி போடுகிறவர் இஸ்திரி, கணக்கு பார்க்கிறவர் கணக்கு, நம் ஆள் மெக்கானிக். தையல் மெஷின் மக்கர் பண்ணினால் அவரைக் கூப்பிடுவார்கள். வருவார், குனிவார், காதை வைத்துக் கேட்பார், சரிசெய்துவிட்டுப் போய்விடுவார். மெஷினோடு பேசுகிற அளவுக்குக்கூட மனிதர்களோடு பேசமாட்டார். தப்பித்தவறிப் பேசினாலும் பாதி வாக்கியம் வாய்க்குள்ளேயே தங்கிவிடும்.

இப்படிப்பட்ட மனிதருக்குக் கல்யாணம் நடந்த கதையைப் பட்டறையில் இன்றைக்கும் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். பேட்டர்ன் வெட்டும் வேலைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். சட்டையின் முன்பக்கம், பின்பக்கம், காலர், கை என்று ஒவ்வொன்றுக்கும் அட்டையில் வடிவம் வெட்டித் தருவாள். அந்த அட்டையைத் துணியின் மேல் வைத்துத்தான் மற்றவர்கள் கத்தரி போடுவார்கள். வந்த முதல் வாரமே ஒரு மெஷினின் முன்னால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று, "இத எந்த மகராசன் ரிப்பேர் பண்ணது?" என்று சத்தம் போட்டாள்.

"நான்தாங்க" என்றார் பின்னால் நின்றவர்.

"ஒத்துக்கிட்டதுக்கு ரொம்ப சந்தோஷம். இன்னொரு தடவ பண்ணுங்க."

பண்ணினார். அதற்கப்புறம் அந்த மெஷின் அடிக்கடி ரிப்பேர் ஆனது. அது எப்படி ஆனது என்று யாரும் துருவிக் கேட்கவில்லை.

பட்டறை அவளை மாஸ்டர் என்றது. கல்யாணமான பிறகு வீட்டிலும் இவர் மாஸ்டர் என்றே கூப்பிட்டார். அவள் பதிலுக்கு "என்னங்க மெக்கானிக்கு" என்பாள். கோபம் வந்தால் வெறும் மெக்கானிக். மரியாதை காற்றில் போய்விடும். பேசாத மனிதர் அவளிடம் மட்டும் பேசினார். சாயங்காலம் இருவரும் பட்டறையிலிருந்து நடந்து வரும்போது, அன்றைக்கு எந்த மெஷினுக்கு என்ன நோவு என்பதை அவர் முழு வாக்கியமாகச் சொல்லிக்கொண்டு வருவார். அவள் கேட்டுக்கொண்டே வருவாள், நடுவில் கிண்டலும் பண்ணுவாள்.

மாஸ்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளி ஆட்களுக்கு பேட்டர்ன் கொடுக்கும்போது முழு செட்டையும் கொடுக்கமாட்டாள். ஒரு துண்டை, அதுவும் உயிரான துண்டை, தன் மேசைக்கு மேலிருக்கும் கொக்கியிலேயே தொங்கவிட்டுவிடுவாள். முன்பு ஒருமுறை, மாதிரி பார்க்க வேண்டும் என்று செட்டை வாங்கிப்போன ஒருவன், "டிசைன் புடிக்கலம்மா" என்று நல்ல பிள்ளையாகத் திருப்பி அனுப்பினான். அடுத்த மாதம் பார்த்தால் அவளுடைய காலர் கடைத்தெருவில் தொங்குகிறது. அன்றைக்குச் சூடுபட்டவள்தான். அதற்குப் பிறகு பேச்சு முடிந்து எல்லாம் உறுதியான பிறகே கடைசித் துண்டைத் தானே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பாள். பேட்டர்ன் வெட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். அதைத் திருட்டுப் புத்தி என்று சொல்கிறவர்கள் ஒரு தடவை திருட்டுக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

பிறகு மாஸ்டரின் நெஞ்சில் கோளாறு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது, கூடவே வந்த வாதத்தால் இடது கை விரல்களில் பிடி இல்லை. அட்டை வெட்ட வலது கை போதும் என்று சமாளித்தாள். ஆனால் தைக்க முடியவில்லை. நேர்த்தையலையாவது ஒற்றைக் கையால் ஒப்பேற்றலாம். சட்டைக்குக் கை வைக்கிற வளைவு இருக்கிறதே, அதற்கு இரண்டு கையும் வேண்டும். தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வை மெக்கானிக்கைத் தூங்கவிடவில்லை.

ஒரு கம்பி வளைத்தார், அதன் முனையில் ஸ்பிரிங் வைத்த ஒரு கிளிப் செய்தார், துணியை அழுத்துகிற மெஷின் பாதத்தோடு சேர்த்து மாட்டினார். இடது கைக்குப் பதில் அது துணியைப் பிடித்துக்கொள்ளும். நேர்த்தையல் அழகாக ஓடியது. வளைவில் மட்டும் துணி சுருங்கிக் குவிந்தது. ஸ்பிரிங்கை இறுக்கிப் பார்த்தார், தளர்த்திப் பார்த்தார். அது பிடித்த பிடியை விடவில்லை.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத துணியைத் தைப்பது போலக் காற்றில் விரலை அசைத்துப் பார்த்தாள்.

"என் கட்டைவிரல் வளைவுல துணிய புடிச்சதே இல்லீங்க. கொஞ்சங் கொஞ்சமா விட்டுக்கிட்டே வரும். உங்க கிளிப்பு விடவே மாட்டேங்குது. அப்படியே உங்கள மாதிரி."

அட்டையில் சின்னதாக ஒரு கொக்கி வெட்டினாள். நத்தை ஓடு மாதிரி உள்பக்கமாகச் சுருண்ட கொக்கி. சரியில்லை என்று இன்னொன்று வெட்டினாள். அவள் வெட்ட வெட்ட அவர் தகட்டில் செய்து மாட்டினார். கடைசியில் ஒரு நாள் சட்டையின் கை ஒரு சுருக்கம்கூட விழாமல் வளைவு முழுக்கச் சுற்றி வந்து நின்றது. ஒரு பக்கம் மட்டுமே கை வைத்த அந்தச் சட்டையை அவருக்கு மாட்டிவிட்டு வீடு முழுக்க நடக்கவைத்தாள் மாஸ்டர். அவரும் நடந்தார். ஒரு மனிதன் அத்தனை சந்தோஷமாகக் கோமாளியாக முடியும் என்பதை அன்றைக்குத்தான் அவர் தெரிந்துகொண்டார்.

மாஸ்டரின் தங்கை தெருமுனையில் நகல் எடுக்கிற கடை வைத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள்தான், "இதுக்குப் பேட்டன்ட் வாங்கணும் மாமா. இல்லன்னா மறுபடியும் எவனாவது அடிச்சிட்டுப் போயிடுவான்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். காப்புரிமை விண்ணப்பத்துக்கான விவரம் முழுவதையும் அவளே தட்டச்சு செய்தாள். படம் வரைந்தது மாஸ்டர். முதல் படம் முழு மெஷின், இரண்டாவது கம்பி, மூன்றாவது கிளிப், நான்காவது வளைவில் கொக்கி துணியை விடுகிற விதம். கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர். எல்லாவற்றையும் அடுக்கி உறைக்குள் போட்டு ஒட்டியதும் மாஸ்டர்தான்.

கொடுக்க இருவருமாகப் போனார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு. அலுவலகப் படியில் நின்று நின்று ஏறினாள். நடுவில் மூச்சு வாங்கியபோது, படியைக் கட்டியவனைத் திட்டினாள். கவுண்டரில் இருந்தவர் உறையை வாங்கி, முத்திரை குத்தி, தேதி போட்டு ரசீது தந்தார். தேதியை அவள் சத்தமாகப் படித்தாள்.

"இதையாவது ஞாபகம் வச்சுக்குங்க. கல்யாணத் தேதியத்தான் வருஷா வருஷம் கோட்ட விடறீங்க."

திரும்புகிற வழியில் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு பூங்காச் சுவரில் சாய்ந்து நின்று சாப்பிட்டார்கள். அவர் சட்டையில் வழியவிட்டுக்கொண்டார். அதைப் பார்த்து அவள் மூச்சு முட்டச் சிரித்தாள். அதுதான் அவள் வெளியே போன கடைசி நாள். அந்த மாதம் முடிவதற்குள் மாஸ்டர் போய்விட்டாள்.

மெக்கானிக் வேலைக்குப் போனார், வந்தார். மெஷினில் காதை வைத்தார். சத்தம் கேட்டது, வலி எங்கே என்றுதான் புரியவில்லை. எண்ணெய் விட்டுவிட்டு வந்துவிடுவார். சாயங்காலம் நடந்து வரும்போது சொல்ல நிறைய இருந்தது, பக்கத்தில் ஆள் இல்லை. மற்றவர்கள் அவள் இறந்த நாளிலிருந்து கணக்கு வைத்தார்கள். இவர் மட்டும் அந்தத் தாக்கல் தேதியிலிருந்து கணக்கு வைத்தார். எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும், "அது நாங்க ஆபீசுக்குப் போன நாளைக்கு முன்னாடியா, பின்னாடியா" என்பார். அவருக்கு அந்த ஒரு நாள் திரும்ப வேண்டும். வேறெதுவும் வேண்டாம். அது நடக்காது என்று தெரியும். தெரிந்தால் மட்டும் ஆசை போய்விடுமா?

அப்போதுதான் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. விவரத்தில் நான்காவது படம் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். வந்து சேர்ந்த தாள்களில் நான்காவது படம் இல்லை. கொடுத்துள்ள கெடுவுக்குள் பதில் சொல்லவும். சாரம் இவ்வளவுதான்.

மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார். மச்சினி பயந்துபோய் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"மாமா, என்னாச்சு?"

"உங்கக்கா... பேட்டன்ட் ஆபீசுக்கே முழு செட்டு குடுக்கல."

மச்சினி கடிதத்தைப் படித்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவர்கள் எப்போது அழ ஆரம்பித்தார்கள் என்று இருவருக்குமே தெரியாது.

படம் எங்கே இருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மறுநாள் பட்டறையில் அவளுடைய மேசைக்கு மேலிருந்த கொக்கியில், சட்டைக் கை பேட்டர்ன்களுக்குப் பின்னால், தாள் தொங்கிக்கொண்டிருந்தது. பேட்டர்ன் அட்டைக்குப் போடுவது போலவே மேலே ஓட்டை போட்டு மாட்டியிருந்தாள். எல்லாம் உறுதியானதும் நேரில் போய்க் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாள், பாவம். வெளியே சொன்னால்தான் உரிமை, மறைத்தால் ஒன்றுமில்லை என்கிற தலைகீழ்க் கடையும் உலகத்தில் உண்டு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

மச்சினி அதைத் தன் கடையில் நகலெடுத்தாள். ஓட்டை விழுந்த இடம் கறுப்புப் புள்ளியாக வந்தது. அதை மறைத்துவிட்டு, சுத்தமாக இன்னொன்று எடுத்துத் தந்தாள். மெக்கானிக் நகலை மடியாமல் பையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். தாள்களைச் சரிபார்க்கும் அதிகாரி ஒரு நடுவயதுப் பெண். ஜலதோஷத்தோடு உட்கார்ந்திருந்தார், ஆனாலும் சிடுசிடுக்கவில்லை.

"இதக் குடுத்தா சரியாயிடும் இல்லம்மா?"

"வாங்கிக்கறோம் சார். ஆனா ஒரு விஷயம். இப்ப குடுத்தீங்கன்னா, எல்லாம் முழுசா வந்து சேர்ந்த நாள்தான் தாக்கல் தேதி. அதாவது இன்னைக்கு."

மெக்கானிக் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"பழைய தேதி?"

"போயிடும். பழைய தேதிதான் வேணும்னா, நாலாவது படமும் அதப் பத்தி எழுதினதும் இல்லாததா எடுத்துக்குங்கன்னு எழுதிக் குடுக்கலாம். ரெண்டுல ஒண்ணு."

"இது அப்பவே வரைஞ்சதும்மா. அவ கையெழுத்துப் பாருங்க. அந்தத் தேதிக்கு ரொம்ப முன்னாடியே இருந்துச்சு."

"எப்ப வரைஞ்சீங்கன்னு நாங்க பாக்கறதில்ல சார். எப்ப எங்ககிட்ட வந்துச்சுன்னுதான் பாப்போம். இதுக்கு முன்னாடி வேற எங்கயாவது இதே படத்தோட தாக்கல் பண்ணியிருக்கீங்களா? இருந்தா அதக் காட்டி ஏதாவது வழி பாக்கலாம்."

"இல்லம்மா. கொக்கியிலதான் தொங்கிட்டிருந்துச்சு."

அதிகாரிக்கு அது புரியவில்லை. இவருக்கும் விளக்கத் தெம்பு இல்லை.

"இப்போதைக்கு விட்டுட்டு, பின்னாடி சேர்த்துக்கலாமா?"

"முடியாதுங்க. தேதி விழுந்ததுக்கப்புறம் புதுசா எதையும் உள்ள கொண்டுவர முடியாது. யோசிச்சுட்டு வாங்க, கெடு இருக்கு. ஆனா ரொம்பத் தள்ளிப் போடாதீங்க. நடுவுல வேற யாராவது இதே மாதிரி போட்டுட்டா அவங்க முந்திக்குவாங்க."

மெக்கானிக் யோசிக்கவெல்லாம் இல்லை. பதில் சொல்லாமல் இருந்தார், அவ்வளவுதான். பதில் சொல்லாத வரைக்கும் அந்தத் தேதி அவருடையது; யாரும் பிடுங்க முடியாது. காலையில் எழுந்ததும் இன்றைக்கும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். அவள் படியில் நின்று மூச்சு வாங்கியதும், தேதியைச் சத்தமாகப் படித்ததும், சிரித்ததும் அரசாங்கப் பதிவில் இருக்கிற மாதிரி அவருக்கு ஓர் எண்ணம். வேறு நாள் விழுந்தால், அது அவள் இல்லாத நாளாகத்தான் இருக்கும். இனி வரப்போகிற எல்லா நாளும் அப்படித்தான்.

மச்சினி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் வெடித்துவிட்டாள்.

"கெடு முடியப்போவுது மாமா. என்னதான் பண்ணப்போறீங்க?"

"தேதியையே வச்சுக்கறேன்னு எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

"அப்ப கொக்கி?"

அவர் பழைய ரசீதை எடுத்துத் தேதியைப் பார்த்தார்.

"அத வெட்டறதுக்கு அக்கா எப்படிக் கஷ்டப்பட்டான்னு பக்கத்துல இருந்து பாத்தவர் நீங்க. அதத் தூக்கிப் போட்டுட்டு வெறும் தேதிய வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

"அந்தத் தேதியில அவ இருக்காம்மா" என்றார் மெக்கானிக்.

மச்சினி மூக்கைச் சிந்திக்கொண்டு போய், அவர் கேட்டபடியே கடிதத்தைத் தட்டச்சு செய்து தந்தாள். தந்ததோடு, படத்தின் நகலையும் ஓசைப்படாமல் அவர் பையில் செருகிவிட்டாள். அக்காவுக்கு ஏற்ற தங்கை.

மறுநாள் மெக்கானிக் அதே அதிகாரியின் முன்னால் உட்கார்ந்தார். அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டு விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"நாலாவது படம் வேண்டாம், பழைய தேதி போதும். அப்படித்தானே?"

"ஆமாம்மா."

"கண்டுபிடிச்சவங்கன்னு ரெண்டு பேர் போட்டிருக்கு. இதுல யார் எதப் பண்ணீங்க?"

எத்தனையோ நாளுக்குப் பிறகு மெக்கானிக்குக்கு முழு வாக்கியம் வந்தது. "கம்பியும் கிளிப்பும் நான் பண்ணேன். அது யார் வேணா பண்றதுதான். ஆனா அந்தக் கொக்கி இருக்கு பாருங்க, அது முழுக்க முழுக்க அவளோட மூளை. நான் எவ்வளவு முட்டியும் எனக்கு வரல. கண்ண மூடிக்கிட்டு விரல ஆட்டிப் பாத்து அவதான் கண்டுபிடிச்சா."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப கொக்கிய எடுத்துட்டா மிச்சம் இருக்கறது எல்லாமே உங்களோடது மட்டும்தான். அவங்க பண்ணது எதுவும் இதுல இல்ல. அவங்க பேர கண்டுபிடிச்சவங்கன்னு வச்சிருக்க முடியாதே சார். அத எடுக்க வேண்டியிருக்கும்."

"பேரையா?"

"ஆமா. செய்யாத ஒருத்தர் பேரு இருக்கக் கூடாது."

செய்யாத ஒருத்தர். அவளை வைத்துக்கொள்ளத்தான் மெக்கானிக் தேதியைப் பிடித்துக்கொண்டிருந்தார். தேதியை வைத்துக்கொண்டால் அவளே இல்லை என்கிறார்கள். அவருடைய பெயர் மட்டும் தனியாக நிற்கும். கம்பி, கிளிப், மெக்கானிக். வளைவில் சுருங்கிக் குவிகிற ஒரு துணி. அந்த நாளைத் தான் விட்டுக்கொடுப்பது தவிர வேறு வழியில்லை என்று அவருக்குத் தெரிந்தபோது, அவளை இன்னொரு தடவை வழியனுப்புகிற மாதிரி இருந்தது. முதல் தடவை யாரும் அவரிடம் சம்மதம் கேட்கவில்லை. இந்தத் தடவை அவரே சொல்ல வேண்டும்.

"அந்தக் கடிதத்தக் குடுத்துடுங்கம்மா" என்றார். வாங்கி நான்காக மடித்துப் பையில் போடும்போதுதான் உள்ளே இருந்த நகல் கையில் தட்டுப்பட்டது. எடுத்து மேசைமேல் வைத்தார். வைத்த பிறகும் கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. மாஸ்டர் இருந்திருந்தால், முழு செட்டையும் குடுத்துட்டீங்களா மெக்கானிக்கு என்று கத்தியிருப்பாள். அந்தக் கத்தலைக் கேட்க அவர் எதை வேண்டுமானாலும் கொடுப்பார்.

"யோசிச்சுத்தானே சார் குடுக்கறீங்க? தேதி மாறிடும்."

"மாறட்டும்."

அதிகாரி ஒரு தாளை நீட்டினார். "இதுல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். அவங்கள ஒரு நாள் வரச் சொல்றீங்களா?"

"அவ இல்லம்மா."

வாயைத் திறந்து ஓர் அந்நியரிடம் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். இன்னும் விடாத ஜலதோஷத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த கைக்குட்டையை இறக்கினார்.

"மன்னிச்சுக்குங்க சார். தெரியாது. அப்ப அவங்க பேருக்குப் பக்கத்துல காலமானார்னு எழுதி, நீங்க மட்டும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. மத்த சான்றெல்லாம் அப்புறம் கொண்டுவந்து தரலாம். பேரு அப்படியே இருக்கும்."

மெக்கானிக் எழுதினார். வீட்டில் அந்தச் சொல்லை யாரும் எழுதச் சொன்னதில்லை. எல்லாத் தாளையும் மச்சினிதான் நிரப்பியிருந்தாள். சின்னச் சொல்தான், எழுதி முடிக்க நேரமானது. அதிகாரி அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். பிறகு முத்திரை குத்தி, அன்றைய தேதியைப் போட்டு, புது ரசீதை அவர் பக்கம் தள்ளினார்.

"இனிமே எல்லாமே இந்தத் தேதியிலேருந்துதான் சார் கணக்கு."

"சரிம்மா" என்றார் மெக்கானிக்.

எழுந்து நின்றார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடுத்த ஆள் வந்துவிட்டார், கையில் பெரிய உறை, முகத்தில் பெரிய நம்பிக்கை. மெக்கானிக் வழிவிட்டு ஒதுங்கி, எங்கே போவது என்று தெரியாதவர் போலக் கூடத்தின் நடுவில் நின்றார். அவளுக்கு உரியது அவளுக்குக் கிடைத்துவிட்டது. அது சரிதான், நியாயம்தான். ஆனால் புதிய தேதியிலிருந்து எதையும் எண்ண அவருக்கு விருப்பமில்லை. அவருக்கு அவள் வேண்டும். கூடத்தைச் சுற்றி வரிசையாக எத்தனையோ கவுண்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் அங்கே எதைக் கேட்டு வாங்கலாம் என்று எழுதியிருந்தது. மெக்கானிக் கடைசிவரை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.